வெங்காயக் கூடையில் இருந்த லில்லிக் கிழங்கு

1998ஆம் ஆண்டு நாசரேத்திலிருந்து மும்பைக்கு நாங்கள் ரயிலேறியபோது, என் தாயார் மூன்று லில்லிக் கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்து அனுப்பினார்கள். எங்கள் கிணற்றடியில் கோடைதோறும் செக்கச்செவேலென்று பூக்கும் செடி அது. வேதாகமத்தில் லீலிபுஷ்பம் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வரும். நர்சரிக்காரர்கள் அதனை அமரில்லிஸ் என்று விற்கிறார்கள். தாவரவியலார் ஹிப்பியாஸ்ட்ரம் என்கிறார்கள்; பூர்வீகம் தென் அமெரிக்கா. எங்களுக்கு அது லில்லிதான்.

மும்பையில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் அறையும், கம்பி அடைத்த சிறு பால்கனியும். பால்மாவு டப்பாக்களில் மண் நிரப்பிக் கிழங்குகளை நட்டேன். அடியில் துளையிட வேண்டும் என்று தோன்றவேயில்லை. கிணற்றடியில் யார் துளையிட்டார்கள்? ஜூன் மாத மழையில் டப்பாக்கள் நிரம்பி நின்றன. இரண்டு கிழங்குகள் கூழாகிவிட்டன. மூன்றாவதன் அழுகிய பாகத்தைச் சீவியெறிந்து, நிழலில் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் மறுபடியும் நட்டேன். அது பிழைத்தது.

பிறகுதான் அதன் போக்கை அறிந்துகொண்டேன். கிழங்கை முழுவதும் புதைக்கக் கூடாது. கழுத்தும், மேல்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கும் வெளியே தெரிய வேண்டும். பூ வாடியதும் தண்டை மட்டும் வெட்டலாம். பச்சை இலைகளை வெட்டினால் மறுவருடம் பூ இராது. அடுத்த பூவுக்கான ஆகாரத்தை அந்த இலைகளே கிழங்கில் சேர்த்துவைக்கின்றன. குளிர்காலத்தில் இரண்டு மாதங்கள் தண்ணீரை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கிழங்குகள் பூப்பதற்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆகும். (ஒருமுறை ஆசைப்பட்டுத் துலிப் கிழங்கு வாங்கி ஏமாந்தேன். மூன்று மாதத்திற்குக் குறையாத கடுங்குளிர் கேட்கும் செடிக்கு மும்பையில் என்ன வேலை?)

2004இல் தாயார் மரித்தார்கள். வீடு கைமாறியது, கிணற்றையும் மூடிவிட்டார்கள். 2009க்குள் என்னிடம் ஏழு கிழங்குகள் இருந்தன.

அவ்வருடம் டிசம்பரில் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, மண்ணை உதறி, இடமில்லாத காரணத்தால் சமையலறையில் வெங்காயக் கூடையிலேயே போட்டுவைத்தேன். பழுப்புத் தோல், உருண்டை வடிவம். பார்வைக்குப் பெரிய வெங்காயமேதான். கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அதிலொன்றை நறுக்கிப் புளிக்குழம்பு வைத்து, நாலு கவளம் சாப்பிட்டிருக்கிறார்கள். கசக்கிறதே என்று மிச்சத்தை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரத்திற்குள் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கின.

மீதியிருந்த துண்டுகளை என் கணவர் மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். அதுவே நல்லதாயிற்று. அக்கிழங்கில் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் போவதில்லை. இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தேவகிருபையால் அத்தை பிழைத்தார்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் அந்தக் குழம்பைத் தொட்டிருந்தால் என்று நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை.

வெங்காயம் நறுக்கினால் நெடி வரும், கண் கரிக்கும். இதில் இரண்டும் கிடையாது. அத்தைக்கு அப்போது ஜலதோஷம். நெடி இல்லாதது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு இதைவிடக் கொடியது, உயிரையே வாங்கும். தொட்டியில் வளர்ப்போர் இதனை அறிந்திருப்பது நலம்.

“பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது எதற்கு?” என்றார் என் கணவர். மீதி ஆறையும் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் தாயாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான் என்று வாய்திறந்து சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. இரண்டு நாட்கள் அந்தப் பை வாசலிலேயே கிடந்தது. அவரும் எறியவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தைதான் எழுந்து போய் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். “வெங்காயக் கூடையில போட்டது நீ. செடி என்ன செய்யும்?” என்றார்கள்.

ஜனவரி முடிவில் ஆறையும் நட்டேன். ஏப்ரலில் நான்கு பூத்தன. அடுத்த வருடம் வந்தபோது ஊருக்குக் கொண்டுபோக அத்தை ஒரு குட்டிக் கிழங்கு கேட்டார்கள். தகர டப்பா ஒன்றில் அதை வைத்து மூடி, “தின்னக் கூடாது, ஆச்சி” என்று என் மகன் சிவப்பு மையில் எழுதி ஒட்டினான்.