கச்சான் ஓய்ந்தால் சங்குக் காலம்!

இலை பழுத்து உதிர்வதுதான் இலையுதிர்காலம் என்றால், திருச்செந்தூருக்கு அந்தக் காலமே இல்லை. பனையும் உடைமரமும் எல்லா மாதமும் அப்படியேதான் நிற்கும். இங்கே பருவம் மாறுவதை முதலில் சொல்வது காதுதான். ஆனி, ஆடி, ஆவணி என்று ஓயாமல் இரைந்த காற்று, புரட்டாசியில் மெல்லச் சத்தம் குறைக்கும்.

அந்தக் காற்றின் பலம் தெரிய வேண்டுமானால் காயாமொழிப் பக்கம் உள்ள குதிரைமொழித் தேரிக்குப் போக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே செம்மணல் மேடே இடம் மாறும். காலையில் நடந்த தடம் மதியம் இருக்காது. புரட்டாசி பிறந்த பிறகு பாருங்கள், அதே மணலில் ஓணான் ஓடிய கோடுகூட மாலைவரை அழியாமல் கிடக்கும்.

பனங்காட்டிலும் அடையாளம் உண்டு. உடன்குடிப் பக்கம் பதநீர்க் காலம் முடிந்து, கருப்பட்டி காய்ச்சும் அடுப்புகள் அணைந்திருக்கும். பழுத்த பனம்பழம் ‘தொப்’பென்று விழும். கொட்டைகளைப் பொறுக்கி மழைக்கு முன்பே மணலில் புதைத்தால், பொங்கலுக்குக் கிழங்கு தயார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்களும் தெருவில் தென்படத் தொடங்குவார்கள். காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள்.

இதே நாட்களில், கடற்கரையில் சிலர் தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சங்கு குளிப்பவர்கள்.

தடம் பார்த்து ஒரு வேட்டை

மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். அது பலமாக வீசும்வரை கடலடி மணல் கலங்கிக்கொண்டே இருக்கும். இறங்கினால் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாது. காற்று தணிந்தால் மண்டி அடியில் தங்கும், வெளிச்சம் கீழே இறங்கும். அதனால்தான் தூத்துக்குடிக் கடலில் சங்குக் காலம் அக்டோபரில் தொடங்கி மே வரை என்பது நெடுங்கால வழக்கம்.

காட்டில் வேட்டைக்குப் போகிறவர் தடம் பார்ப்பதுபோல, கடலுக்குள்ளும் தடம்தான் வழிகாட்டி. சங்கு வெள்ளையாக மின்னிக்கொண்டு கிடக்காது. உயிரோடு இருக்கும்போது அதன் மேல் பழுப்புத் தோல் மூடியிருக்கும். பாதி மணலில் புதைந்திருக்கும். அது ஊர்ந்த கோட்டைப் பின்தொடர்ந்து போய்த்தான் எடுக்க வேண்டும். மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள்தான் அதன் இரை. அப்படிப் புழு நிறைந்த இடத்துக்குக் குளியாளிகள் வைத்த பெயர் ‘பூச்சி மணல்’. பூச்சி மணல் இருக்கும் இடத்தில் சங்கும் இருக்கும்.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிக்கொடுத்த முத்துக்குளிப்பு, 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு மட்டும் நிற்கவில்லை. காரணம், வங்காளம். அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல், இந்தச் சங்கை அறுத்துச் செய்வது. மேற்கு வங்கத்தின் விஷ்ணுபூரும் டாக்காவின் சாங்காரி பஜாரும் அந்தத் தொழிலுக்குப் பேர்போன இடங்கள். குலசையில் தசரா நடக்கும் அதே நாட்களில்தான் அங்கே துர்கா பூஜை. பூஜைக்கு வரும் பெண்களின் கையில் மன்னார் வளைகுடா இருக்கும்!

சின்னதை விட்டுவிடு

எந்த வேட்டைக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் சங்கு அரசின் ஏகபோகமாக இருந்தது. கரைக்கு வந்த ஒவ்வொரு சங்கையும் அளந்து பார்த்தார்கள். 2¼ அங்குலம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர் விட்டம் இல்லாத சங்கு, உயிரோடு மீண்டும் கடலுக்கே போனது. சங்கு, ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய கூட்டில் முட்டையிட்டு, அதன் ஒரு முனையை மணலில் ஊன்றி வைக்கும். வளரும் முன்பே அள்ளிவிட்டால், அடுத்த தலைமுறைச் சங்கு எங்கிருந்து வரும்?

எடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சு தாங்கும்வரைதான் வேலை. இப்போது படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வருவதால் நெடுநேரம் கீழே இருக்க முடிகிறது. அப்படி இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக மாறும். மூட்டுவலியில் தொடங்கி, பக்கவாதம், மரணம்வரை கொண்டுபோகும். தெளிந்த கடலுக்காகக் காத்திருக்கும் வீடுகளில் ஆசையோடு பயமும் சேர்ந்தே இருப்பது இதனால்தான்.

கோயில் கடைகளில் சங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலம்புரி என்று சொல்லி மலிவாக நீட்டப்படுவது அமெரிக்கக் கடலோரத்து வேறு ஒரு சிப்பியாகவும் இருக்கலாம். உள்வாயில் 3 அல்லது 4 மடிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் சங்குக்கு அந்த மடிப்பு உண்டு. அந்தச் சிப்பிக்குக் கிடையாது.

கிழக்கே ஏறும் மேகம்

காற்று ஓய்ந்ததும் வானமும் திசை மாறும். மேகம் கிழக்கிலிருந்து ஏறும். ஆண்டு முழுவதற்கும் இந்தக் கரை நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையைத்தான். ஆனால், வரும் மழை எவ்வளவு என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் ஆற்று நீர் கலந்து கடலும் கலங்கும். சங்குப் படகுகள் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

ஐப்பசியில் வளர்பிறை சஷ்டி. ஆறு நாள் விரதமிருந்தவர்கள் லட்சக்கணக்கில் இந்த மணலில் கூடுவார்கள். யானைமுகம், சிங்கமுகம் என்று மாறி மாறி வரும் சூரனை முருகன் வேலெறிந்து வெல்வார். ஆனால், கதை கொலையில் முடிவதில்லை. இரண்டாகப் பிளந்த சூரன், மயிலும் சேவலுமாகி முருகனிடமே தங்கிவிடுகிறான்.

சூரசம்ஹாரத்துக்குப் போகிறவர்கள், கூட்டம் கலைந்ததும் ஒருமுறை கடலையும் பாருங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால், இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். நீலமாகத் தெளிந்திருந்தால், மறுநாள் விடியலில் சங்குப் படகுகள் கிளம்பியிருக்கும்.