அடிக்கட்டை

காப்பாரில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. கடலோர மண், நெடுங்காலம் தென்னை நின்ற மண். 1982இல் என் தந்தையார் தென்னைகளை வெட்டிச் செம்பனை நட்டார். அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கக் கூலி கொடுக்க அவருக்கு இயலவில்லை. "மக்கி எருவாகட்டும்" என்றார். அது எங்களுக்குச் சிக்கனமாகவே பட்டது.

பன்னிரண்டாம் ஆண்டில், காற்றே இல்லாத ஓர் இரவில் ஒரு மரம் சாய்ந்தது. முந்திய வாரந்தான் அதில் குலை வெட்டியிருந்தோம். மட்டைகள் பச்சையாகவே இருந்தன. அடிமரமோ உள்ளே வெறும் சக்கை. அதன் ஓரத்தில் மெருகிட்டாற்போல் பளபளக்கும் செந்நிறக் காளான். கனோடெர்மா என்னும் பூசணம் அது.

மரம் எதிர்க்காமலே மடிந்ததோ என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று எனப் பின்னர்ப் படித்தறிந்தேன். செடிகளுக்கு நம்மைப்போல் குருதியில் உலவும் காவலர் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன் வாயிலைத் தானே காக்க வேண்டும். பூசணத்தின் சுவரிலுள்ள கைட்டின் துணுக்கை உணர்ந்ததும் அது நச்சுப் பொருள்களைச் சுரக்கும். லிக்னின் கொண்டு தன் சுவரைத் தடிப்பாக்கும்.

பகைவனின் சூழ்ச்சியோ பலவகை. தக்காளி இலையைத் தாக்கும் ஒரு பூசணம், தன் கைட்டின் துணுக்குகளை ஒரு புரதத்தால் பொதிந்து மறைத்துவிடும். பகை வந்ததைச் செடி அறியாது. ரப்பர் இலை காயம்பட்டால் சயனைடு நஞ்சை வெளிவிடும். தென்னமெரிக்க இலைக்கருகல் நோயின் பூசணம் அந்நஞ்சைத் தாங்கிக்கொள்ளும்; இலையே தன் நஞ்சால் தளர்ந்து, பிற எதிர்ப்புப் பொருள்களை ஆக்கும் வலிமையை இழக்கும். கனோடெர்மாவின் வழி இன்னும் நேரானது. மரம் அரணாகக் கொண்ட லிக்னினையே அது கரைத்து, உள்ளிருக்கும் நார்ப்பொருளை உண்ணும். அடிமரத்தில் பாதியளவு அழிந்த பின்னரே குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்பது நம் கண்ணில் படும்.

மலாயாவில் வாணிகச் செம்பனை முதன்முதல் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். 1931இல் இந்நோய் இங்குப் பதிவானபோது முதிய மரங்களையே பற்றியது. பின்னர் இளமரங்களையும் தொட்டது. தென்னை நின்ற நிலத்தில், அடிக்கட்டைகள் புதைந்து கிடக்கும் இடத்தில், அதன் வேகம் மிகுதி. பழைய கட்டைகளில் தங்கி, அங்கிருந்தே அது புதிய வேர்களைப் பற்றுகிறது. தந்தையார் எருவென்று விட்டுவைத்தது பகைவனுக்குக் கட்டுச்சோறாயிற்று.

2006இல் மறுநடவு செய்தபோது இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன். ஆயினும், மூப்பால் தளர்ந்திருந்த அவரிடம், "உங்கள் சிக்கனமே மரங்களைக் கொன்றது" என்று சொல்ல நா எழவில்லை. செம்பனைக் கட்டைகளும் மண்ணிலேயே தங்கின. இம்முறை எட்டாம் ஆண்டிலேயே மரங்கள் சாயத் தொடங்கின.

தந்தையார் இன்று இல்லை. மூன்றாம் நடவுக்கு நாள் குறித்திருக்கிறோம். முற்றிலும் நோய் தாக்காத செம்பனை இனம் இன்னும் கிடைக்கவில்லை; தாங்கும் இயல்புள்ள கன்றுகளே உண்டு. ஆகவே மண்வாரி இயந்திரத்தை அமர்த்தி, கட்டைகளை வேரோடு எடுத்துச் சிதைப்பதென முடிவு செய்தோம். "செலவு மிகுதி, அண்ணா" என்றான் தம்பி. அன்று தந்தையாரிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின், "எத்தனை அடி ஆழம் தோண்ட வேண்டும்?" என்று கேட்டான்.