மூவாயிரம் ரூபாய் கிறிஸ்துமஸ்

நாகர்கோவில் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். வெளிச்சுவரில் பெயின்ட் அடிக்க முடியாது. அந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் வரும்படி பாதியாகிவிடும். சரியாக அதன் முடிவில் அரையாண்டு லீவும் கிறிஸ்துமஸும் வந்து நிற்கும். மகளிர் குழுத் தவணை, சிலிண்டர், மளிகைப் பாக்கி எல்லாம் போக, அந்த வீட்டில் பண்டிகைக்கென்று மிஞ்சியது 3,000 ரூபாய்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாம்', 'அப்பா வரட்டும்' என்றே டிசம்பர் 23 வரை ஓட்டிவிடுவார்கள். இந்த அம்மா, மாதத்தின் முதல் ஞாயிறன்றே ஒரு நோட்டில் தொகையை எழுதி, கீழே செலவுகளையும் எழுதி, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் வைத்தார்.

"இவ்வளவுதான் மக்களே இருக்கு. என்ன செய்யலாம், சொல்லுங்க."

ஏழு வயதுப் பையன் உடனே ரிமோட் கார் என்றான். பன்னிரண்டு வயது மூத்தவள் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேரே இருந்த 'புது டிரஸ்' என்பதை அடித்தாள். "சித்தி கல்யாணத்துக்கு எடுத்தது இருக்கும்மா, அது போதும்."

கேட்கிறவர்களுக்கு மனம் குளிரும். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டத் தோன்றும். அம்மாவுக்கோ பயமாக இருந்தது. மூத்த பிள்ளை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் வீடு அதைப் பழக்கமாக்கிக்கொள்ளும். நான்கு பேருக்கு மூத்தவளாகப் பிறந்தவருக்கு அது தெரியாதா? அடித்ததற்குப் பக்கத்திலேயே மறுபடி எழுதினார். ரெடிமேடுக்குப் பதில் கட் பீஸ் துணி. நிறம் அவள் இஷ்டம். பக்கத்து வீட்டு அக்காவின் மிஷினில் தைத்துக்கொள்ளலாம். ரிமோட் கார் கிடையாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். பையன் இரண்டு சாயங்காலம் அழுதான். 'அடுத்த மாசம் வாங்கலாம்' என்று யாரும் பொய் சொல்லவில்லை.

பலகாரம் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி; உள்ளே இருப்பது வறுத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும். கேக் அரை கிலோ போதும் என்று முடிவானது.

மழையால் அப்பா வீட்டில் இருந்தது ஸ்டாருக்கு உதவியது. பத்து மூங்கில் சிம்புகளில் இரண்டு ஐந்துமுனை நட்சத்திரங்கள் கட்டி, முனைகளைச் சேர்த்து, உள்மூட்டுகளில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் நடுவே பல்பு வைக்க இடம் கிடைக்கும். மேலே வண்ணக் காகிதம், மைதாப் பசை. சாரல் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் போய்விடும்.

குடிலுக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலிலேயே வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். இங்கே கசக்கிய சிமென்ட் பைக் காகிதம் மலையானது. புல் வளர்ப்பது பையனின் பொறுப்பு. ராத்திரி ஊறவைத்த கேழ்வரகை 14-ம் தேதி காலை பழைய தட்டுகளில் மண் பரப்பித் தூவினான். முளை எட்டிப் பார்த்ததும் ஸ்கேலைத் தூக்கிவிட்டான். தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அளவு. 24-ம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சைப் புல்.

காரை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. எதிர் வீட்டுப் பையனுக்கு ஒன்று வந்தபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் அந்தப் பையன் இந்தப் புல்லைப் பார்க்க வந்தான். வரும்போது காரையும் கொண்டுவந்தான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தார்கள். புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "அடுத்த வருஷம் எவ்ளோ ரூவாம்மா இருக்கும்?"