பர்மிங்ஹாமில் ஒரு லக்னோ வண்டி

அன்புள்ள அண்ணாச்சி,

வாசலில் சும்மா நின்றிருந்த என் லாம்பிரட்டாவை, ரிவர்ஸ் எடுத்த டெலிவரி வேன் ஒன்று வலப்பக்கமாகச் சாய்த்துவிட்டது. சைடு பேனல் நசுங்கி, கிக்கர் வளைந்து, பிரேக் லிவர் ஒடிந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த வண்டிக்கு ஃபிளைவீலும் வலப்பக்கம்தான். எஞ்சினுக்குக் காற்று தள்ளும் அதன் இறக்கைகளும் உடைந்துவிட்டன.

வேன்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி போட்டோவைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டது. ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுமாம். ஒரு தொகை தருகிறோம், வண்டியை விட்டுவிடுங்கள் என்றார்கள். தொகையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு வண்டியை நாமே வைத்துக்கொள்ளவும் இங்கே வழி உண்டு. சேஸிஸ் அடிபடவில்லை என்பதால் பதிவேட்டில் ‘என்’ வகை என்று ஏறியது. நான் வைத்துக்கொண்டேன்.

இங்கே பழைய ஸ்கூட்டர் பார்ட்ஸுக்கு நம்ம புதுப்பேட்டை மாதிரி நிரந்தரக் கடைத்தெரு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஊரில் மண்டபம் பிடித்துச் சந்தை போடுகிறார்கள். கார்புரேட்டரும் ஹெட்லைட் வளையமும் மேசை மேசையாகப் பரத்தியிருக்கும். விற்பவர்களில் பாதிப் பேர் நரைத்த தலைகள். 1964-இல் பிரைட்டன் கடற்கரையில் மோட்டார் சைக்கிள் ‘ராக்கர்’களோடு கைகலந்த ஸ்கூட்டர் ‘மாட்’ பையன்களின் தலைமுறை. பேரம் பேசினால் முகம் சுளிப்பார்கள்; பழைய கதை கேட்டால் விலை தானாகக் குறையும்.

என்ன கேட்டாலும் அவர்கள் திருப்பிக் கேட்பது, “இத்தாலியா, இந்தியாவா?” இத்தாலி என்றால் நகைக்கடை விலை. இந்தியா என்றால் ஓர் இளக்காரம். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். மிலானில் இன்னொசென்டி கம்பெனி 1947-இல் தொடங்கிய லாம்பிரட்டாவை 1971-இல் கைவிட்டபோது, அச்சு, மிஷின் எல்லாவற்றையும் இந்திய அரசு விலைக்கு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. உள்ளூரில் விஜய் சூப்பர், வெளிநாட்டுக்கு லாம்பிரட்டா. 1997 வரை ஸ்கூட்டர் உற்பத்தி நடந்தது. என்னுடையது அங்கிருந்து எண்பதுகளில் கப்பலேறிய ஜி.பி. 150. அந்தத் தொழிற்சாலைச் சாமானையும், பின்னாளில் பட்டறைகளில் தட்டி எடுத்த டூப்ளிகேட்டையும் ‘இந்தியன்’ என்று ஒரே கூடையில் போட்டால் எப்படி? டூப்ளிகேட் பேனலை அரம் போட்டு, சுத்தியலால் தட்டி உட்காரவைக்க வேண்டியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். லக்னோ சாமானின் ஜாதகம் வேறு.

ஒருவர் எல்.ஐ. மாடல் ஃபிளைவீலைக் காட்டி, “எல்லாம் ஒன்றுதான்” என்றார். ஒன்றில்லை. கிராங்க் ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும், ஜி.பி.யில் அந்தக் கூம்பு கொஞ்சம் பருமன், எல்.ஐ. ஃபிளைவீல் அதில் இறங்காது. தேடியலைந்து கடைசியில் லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா சரக்கே கிடைத்தது. டிக்பெத் ரயில் பாலத்தடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், வாங்கிப் போனதை உடனே மாட்டிவிடவில்லை. கூம்பில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, ஃபிளைவீலை வைத்து இப்படியும் அப்படியும் அரை அரைச் சுற்றாகத் திருகினார். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் ஒரு பக்கம் மட்டும். மறுபடி பேஸ்ட், மறுபடி திருகல். சுற்றிலும் ஒரே சீராகச் சாம்பல் பூத்த பிறகுதான் துளி மிச்சமில்லாமல் கழுவி, கூம்பின் காடியில் குட்டிச் சாவியைப் போட்டு நட்டை இறுக்கினார். கூம்பு சரியாகப் பிடிக்காவிட்டால் அந்தச் சாவி அறுந்து, டைமிங் தப்பி, நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். எலெக்ட்ரானிக் இக்னிஷன் செட்டாகவே மாட்டிவிடலாமே என்றும் சொன்னார். பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழகிய கை, கேட்கவில்லை.

எஞ்சின் ஓடுகிறது. பாக்கி கிக்கரும் வலப்பக்க பேனலும். உங்கள் தெருக்கோடி ஒர்க்ஷாப்பில் வேப்பமரத்தடியில் கிடந்த விஜய் சூப்பரைக் காயலான் கடைக்காரன் தூக்கிவிட்டானா, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அந்த இரண்டையும் மட்டும் கேட்டுப் பாருங்கள். துரு இருந்தால் பாதகமில்லை. ஓட்டை விழுந்திருந்தால் வேண்டாம். தை மாதம் மைனி தங்கச்சி மகன் இங்கே படிக்க வருகிறானாமே, கிக்கரை அவன் பெட்டியில் வைத்துவிடலாம். பேனல் பெட்டியில் அடங்காது. அளவெடுத்து எழுதுங்கள், பார்சல் கூலி விசாரித்துச் சொல்கிறேன்.