கராஜைப் பூட்டாத குளிர்காலம்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கட ஆக்கள் இருக்கிற தெருக்களில், கராஜுக்குள் கார் நிற்பது குறைவு. கார் வெளியே டிரைவ்வேயில் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். உள்ளே இரண்டாவது ஃபிரிட்ஜ், அரிசி மூட்டைகள், விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய கிடாரம், காஸ் அடுப்பு. சுவரோரமாக அப்பாவின்ர வாள், உளி, டிரில். ஊரில் முத்தமும் கோடிப்பக்கமும் செய்த வேலையை இங்கே இருபது அடி சிமெந்துத் தரை செய்கிறது.

கோடையில் பிரச்சினை இல்லை. நவம்பரில்தான் தொடங்கும். ரொறன்ரோவில் ஜனவரி இரவு சில நாட்களில் மைனஸ் 20 வரை இறங்கும். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தாலும் ஃபேர்னஸின் சூடு பெரும்பாலும் அதற்குள் வராது. கார்ப் புகை அந்தக் குழாய் வழியே வீட்டுக்குள் சுற்றக்கூடாது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். அதனால் பலர் நவம்பரில் கராஜைப் பூட்டிவிட்டு ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

எங்களால் அப்படிப் பூட்ட முடியவில்லை. கிழமை நாட்களில் நான் மென்பொருள் எழுதுகிறவன். சனிக்கிழமை காலையில் அப்பாவோடும் என்ர எட்டு வயது மகளோடும் கராஜில் மரவேலை. இப்போது மகளுக்கு ஒரு படிக்கிற மேசை செய்கிறோம். வீட்டுக்குள்ளே தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். கராஜுக்குள் வந்தால், "அப்பப்பா, சீவுளியைத் தாங்கோ" என்கிறாள். அவருக்கு வாளும் உளியும் சீவுளியும் தமிழில்தான் வரும். அவளுக்கும் அவற்றின் ஆங்கிலப் பெயர் தெரியாது. கராஜை ஐந்து மாதம் பூட்டினால் அந்தத் தமிழையும் சேர்த்துத்தான் பூட்டவேண்டும்.

ஆகவே குளிரைச் சமாளிக்கப் பழகினோம். நாங்கள் கண்டது ஒன்றுதான்: அறையைச் சூடாக்க நிற்காதேங்கோ, ஆளைச் சூடாக்குங்கோ.

முதலில் கால். குளிர்ந்த சிமெந்து சப்பாத்துக்குள்ளால் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை ஜக்கெட் போட்டாலும் கால் விறைத்தால் அரை மணித்தியாலத்தில் பிள்ளை "உள்ளே போவம்" என்று நிற்கும். வேலை செய்கிற இடத்தில் தடித்த றப்பர் பாய் விரியுங்கோ. ஒரு பலகைத் துண்டு போட்டாலும் வித்தியாசம் தெரியும். கராஜ் கதவுக்கும் தரைக்கும் நடுவில் காற்று புகுகிற இடைவெளி இருந்தால், கதவின் அடியில் இருக்கிற றப்பர் பட்டியை மாற்றுங்கோ. அது சின்ன வேலை.

அடுத்தது ஹீற்றர். காற்றாடி வைத்த ஹீற்றர் காற்றைத்தான் சூடாக்கும். கதவை ஒருதரம் தூக்கினால் அந்தச் சூடு தெருவுக்குப் போய்விடும். சிவப்பாக எரிந்து நேரே ஆளில் படுகிற ஹீற்றர் வேறு வகை. மார்கழிப் பனியில் நெருப்புக் காய்வது போல, காற்று குளிராக இருந்தாலும் முதுகு சுடும். அதை வேலை மேசையைப் பார்த்தபடி சுவரில் உயரமாகப் பூட்டினோம். 1500 வாட் ஹீற்றர் இங்கத்தைய 120 வோல்ட்டில் 12.5 அம்பியர் இழுக்கும். அதே 15 அம்பியர் வயரில் வாள் மெசினையும் போட்டால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீற்றரைக் கொழுவவே கூடாது, வயர் சூடேறும். மரத்தூள், பெயின்ட், பெற்றோல் கான் எல்லாம் ஹீற்றருக்குத் தூரத்தில் இருக்கவேணும்.

உடுப்பில் பருத்தியை வெளியே வையுங்கோ, தோலோடு ஒட்டிப் போடாதேங்கோ. வேலை செய்யும்போது வேர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துப் பிறகு குளிர வைக்கும். உள்ளுக்குக் கம்பளி நல்லது. ஆனால் சுழலுகிற மெசினுக்குக் கிட்டக் கையுறையும் மப்ளரும் ஆகாது, இழுத்துவிடும். அப்பா மப்ளர் இல்லாமல் கராஜுக்குள் வரமாட்டார். மெசின் போடமுன் அதைக் கழட்டுவிக்கிற பொலிஸ் என்ர மகள்தான்.

சாமான்களுக்கும் குளிரும். மர ஒட்டுப் பசை பொதுவாக 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. தண்ணிப் பெயின்ட் உறைந்தால் பழுதாகிவிடும். டிரில்லின் லிதியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது. இந்த மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். பசை பூசிய பலகையும் இரவு உள்ளேதான் படுக்கும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். எங்கள் வீடுகளில் நண்டுக்கறியும் மீன் பொரியலும் கராஜில்தான் நடக்கும். குளிர் நாளில் "கதவைச் சாத்திப்போட்டு அடுப்பை எரிச்சா சூடாயும் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அப்படி ஒருநாளும் விடாதேங்கோ. காஸ் எரியும்போது வரக்கூடிய காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தடிமன் காய்ச்சல் மாதிரித் தொடங்கும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகு வந்த ஹோக்கின்ஸ் கினியாக் சட்டத்தின்படி, 2014 முதல் இங்கே கராஜ் ஒட்டிய வீடுகளிலும் படுக்கை அறைகளுக்குக் கிட்ட இதற்கான அலாரம் கட்டாயம். உங்கட அலாரத்தின் பற்றரியை இண்டைக்கே பாருங்கோ. காரையும் கராஜுக்குள் ஓடவிடாதேங்கோ, கதவு திறந்திருந்தாலும்.

இதை நான் சொன்னபோது அப்பா, "தம்பி, நாங்கள் புகைக்குள்ளதான் வளர்ந்தனாங்கள்" என்றார். "ஊரில குசினிக் கூரை கிடுகு அப்பா, புகை போக வழி இருந்தது. கண் எரியேக்க வெளியே ஓடலாம். இங்க சுவர் இறுக்கம், இந்த வாயு கண்ணை எரிக்காது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானே அடுப்பைத் தூக்கி டிரைவ்வேயில் கராஜைவிட்டுத் தள்ளி வைத்தார். இந்த வருஷத் தைப்பொங்கலும் அந்த இடத்தில்தான் பொங்கினது. பால் பொங்கும்வரை பிள்ளைகள் கராஜ் வாசலில் ஹீற்றருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேசைக்கு இன்னும் இரண்டு கால் பூட்டக் கிடக்கு. வாற சனிக்கிழமை மைனஸ் 12 என்று சொல்லுகினம். இஞ்சித் தேத்தண்ணி ஃபிளாஸ்க் நிறைய ஊற்றவேணும்.