மூலக்கொத்தளத்து ஓட்டுகள்: சில குறிப்புகள்

2024 மக்களவைத் தேர்தல். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 69.72 சதவீத வாக்குப்பதிவு. வடசென்னை 60.11, தென்சென்னை 54.17, மத்திய சென்னை 53.96. வழக்கம்போல மறுநாள், சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு. மூன்று தொகுதியையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள் நிறைந்த வடசென்னை, அடையாறும் வேளச்சேரியும் இருக்கும் தென்சென்னையைவிட ஆறு புள்ளி மேலே நிற்கிறது. ஓட்டுப்போடும் நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி பிரிவு இருக்கிறது. அன்றன்றைக்குக் கையில் கூலி வாங்குகிறவர் அதை யாரிடம் போய்க் கேட்பார்? அந்த நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களும் அந்த அறுபதுக்குள் இருக்கிறார்கள்.

*

வடசென்னையின் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் இருக்கிறார்கள். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1939 ஜனவரியில் ஒருவரும் மார்ச்சில் ஒருவரும் இறந்தவர்கள். ஆண்டுதோறும் ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாளில் திராவிடக் கட்சிகள் எல்லாம் மாலையோடு வருகின்றன. கரை வேட்டிகள் மாறி மாறி நுழையும். எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இயங்கும் கட்டடத்துக்கும் அந்த இருவர் பெயர்தான். இதே சுடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நினைவிடமும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரே இடத்தைத்தான் நகரம் ஏழைகளுக்கு ஒதுக்கியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

*

‘வடசென்னை தி.மு.க. கோட்டை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். வரலாறும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1949 செப்டம்பரில் கட்சியின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா, ராயபுரத்தில்தான். ஆனால் ராயபுரம் தொகுதியைப் பாருங்கள். 1991-ல் அ.தி.மு.க.வின் டி. ஜெயக்குமார். 1996 அலையில் அவரைத் தோற்கடித்தார்கள். பிறகு 2001, 2006, 2011, 2016 நான்கு முறையும் அவரேதான். 2006-ல் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனபோதும் இந்தத் தொகுதி அவரை விடவில்லை. 2021-ல் தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார். பா.ஜ.க. கூட்டணிதான் தன்னைத் தோற்கடித்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். 2020 பிப்ரவரியில் பா.ஜ.க. அரசின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை மறுக்கத் தோன்றாது. ஆளையும் பார்க்கிறார்கள், கூட்டணியையும் பார்க்கிறார்கள். கோட்டை என்ற சொல் இவர்கள் எடைபோடுவதை மறைத்துவிடுகிறது.

*

பக்கத்துத் தொகுதி ஆர்.கே. நகர். 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரில் இடைத்தேர்தலே ரத்தானது. டிசம்பரில் நடந்தபோது 77.68 சதவீதம் பேர் வந்தார்கள். டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். காசுக்காக வந்த கூட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காசு புழங்கியது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மாதம் ஒவ்வொரு சந்துக்குள்ளும் ஆள் வந்தது, கதவைத் தட்டியது, பெயரைச் சரிபார்த்தது, வண்டி வைத்து அழைத்துப் போனது.

நேரெதிராக 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தல்: சென்னையில் 43.59 சதவீதம். குழாய்த் தண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு என்று மூலக்கொத்தளத்துக்கு அன்றாடம் வேண்டியதெல்லாம் மாநகராட்சி கையில். அதற்கு இவ்வளவுதான் கூட்டம். 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து, ஐந்து ஆண்டுக்கும் மேல் கவுன்சிலரே இல்லாமல் ஓட்டிய ஊர் இது. இல்லாமலே பழகிப்போன பதவிக்கு எப்படி வரிசையில் நிற்பார்கள்? அந்தத் தேர்தல்தான் வடசென்னையிலிருந்து பிரியாவை மேயராக்கியது, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அதை இன்னும் நிறையப் பேர் ஓட்டுப்போட்டுச் செய்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

*

வாக்குச்சாவடிக்கு 200 மீட்டர் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கட்சிக்காரத் தம்பி பட்டியலில் விரலை ஓட்டிப் பாகம் எண், வரிசை எண் எழுதிக் கொடுக்கிறான். வயதான அம்மா ஒருவர் அந்தச் சீட்டை ஆதார் அட்டையோடு சேர்த்து மடித்து, சுருக்குப் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொள்கிறார். “ஓட்டு போடலன்னா செத்துப்போய்ட்டான்னு எய்திடுவாங்கோ கண்ணு.” கட்சி எது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

அந்த அம்மாவின் பயம் வீணானது இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சத்து 25 ஆயிரம். 40 லட்சம் இருந்த பட்டியல் 25.79 லட்சமானது.

இப்போது பழைய கணக்கை எடுப்போம். 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59.06 சதவீதம், மாநிலத்திலேயே குறைவு. பட்டியலில் இருந்தவர்கள் 40.57 லட்சம். அப்படியென்றால் வந்து ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய 24 லட்சம். அந்த வரைவுப் பட்டியலே சரியென்று வைத்தால் அது 93 சதவீதம். சென்னையில் அப்படி ஒரு வருகை நம்பக்கூடியதில்லை. செத்தவர், வீடு மாறியவர் பெயரெல்லாம் சேர்ந்து பழைய பட்டியல் ஊதிப்போயிருந்தது; அதைக் குறைக்கப் போய், இருக்கிறவர்களையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். இரண்டும் நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல் தவறுக்கு ‘சோம்பேறி வாக்காளர்’ என்று பெயர் வைத்தோம். இரண்டாவதற்கு ‘முகவரி மாறியவர்’ என்று பெயர்.

முகவரி மாறியவர் யார்? கால்வாய்க்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கப்பட்டவர். குடிசையை இடித்து மாடி கட்டும்வரை உறவுக்காரர் வீட்டில் ஒண்டியவர். வாடகை ஏறியதால் இரண்டு தெரு தள்ளிப் போனவர். அரசாங்கமே மாற்றிய முகவரிக்கு, அரசாங்கமே படிவம் 8-ஐயும் சாவியோடு சேர்த்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும். 2002, 2005 பட்டியலில் அப்பா பெயர் எங்கே என்று கேட்கிற படிவத்தோடு பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால், பூட்டுதான் பதில் சொல்லும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் மேலும் குற்றமில்லை, அவருக்கும் சொந்த வேலையோடு இது கூடுதல் சுமை. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் ஆள் இருப்பது ராத்திரி எட்டு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும்தான். இனிமேல் அந்த நேரத்தில் வாருங்கள்.