மலைநாட்டான் கண்ட கடல்

மடுல்கெல்லைத் தேயிலைச் சரிவுகளிலே பிறந்து வளர்ந்தோருக்குக் கடல் காணும் பொருளன்று, கேட்கும் பொருளேயாகும். கடல் கடந்து கண்டிச் சீமைக்கு வந்த முன்னோரின் கதையும், பின்னர்த் தலைமன்னாரிலே கப்பலேறித் திரும்பிய உறவினரின் கதையுமே எங்கள் லயங்களிற் கடலைப் பற்றி வழங்கியவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமென ஒதுக்கியது. அந்த எண்களுக்குள்ளே என் பாட்டியின் இரு சகோதரிகளும் அடங்குவர். பறவையும் மீனும் பார்ப்பதற்காக ஒருவன் காசு கொடுத்துப் படகேறுவான் என்றால் பாட்டி நம்பியிருக்கமாட்டாள்.

சென்ற ஆவணியில் நண்பர் மூவருடன் திருகோணமலைக்குச் சென்றேன். தென்மேற் பருவக்காற்று மேற்குக் கரையை அலைக்கழிக்கும் அம்மாதங்களில், மழையை எங்கள் மலைகள் வாங்கிக்கொள்ள, மறுபுறத்திற் கச்சான் காற்று வறண்டு வீசும். கீழைக்கடல் படகோட்டத்துக்கு இணங்கும். இன்னொரு தொடர்பும் உண்டு. எங்கள் ஊரருகே பாயும் ஹுலு கங்கை மகாவலியோடு கலக்கின்றது. மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலடைகின்றது. சிறுவயதில் நாங்கள் கால் நனைத்த நீர் எங்களுக்கு முன்னரே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது என்பதை நினைக்க வேடிக்கையாகவே இருந்தது.

விடியுமுன் நிலாவெளியிற் படகேறினோம். திருகோணமலைக் கடலின் சிறப்பு அதன் ஆழம். துறைமுக வாயிலருகே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கொன்று 3,000 மீற்றருக்கும் மேலாக ஆழ்ந்து செல்கின்றது. ஆழ்கடலுயிர்களைக் காண வேறிடங்களில் நெடுந்தொலைவு ஓடவேண்டும். இங்கே கோணேசர் மலையில் நின்றே திமிங்கிலம் கண்டோர் உளர்.

முதலில் எதிர்ப்பட்டவை ஆலாக்கள். ஓரிடத்திற் கூட்டமாக வட்டமிட்டு, அம்பென வீழ்ந்து எழுந்தன. "ஆலா விழுற இடத்தில கீழ மீன் கிடக்கும் தம்பி" என்றார் படகோட்டி. சூரை மீன்கள் கீழிருந்து துரத்தச் சிறுமீன்கள் மேலே திரள்கின்றன; மேலே வந்தவற்றைப் பறவைகள் கொத்துகின்றன. அப்பறவைகளைப் பார்த்தே மீனவர் தூண்டிலிடுகின்றனர். நாம் அழகென்று வியப்பது அவருக்கு அன்றாடத் தொழிற் குறிப்பு. கரிய முதுகுடைய ஆலா இனமொன்று, குஞ்சுப் பருவம் நீங்கிக் கடலுக்குப் போனால், இனம்பெருக்கும் வயதுவரை ஆண்டுக்கணக்காக நிலத்தில் இறங்குவதில்லையாம். இதை நூலிற் படித்தபோது நம்பத் தயங்கினேன். நாற்புறமும் கரையற்ற நீரில், களைப்பின்றிப் பறந்த அவற்றைக் கண்டபோது தயக்கம் நீங்கிற்று.

ஓங்கில்கள் ஏழு மணியளவிலே தோன்றின. நூற்றுக்கு மேலிருக்கும், எண்ணுவதற்கு அவை இடந்தரவில்லை. சுழல் ஓங்கில் எனப்படும் இவை ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமுடையவை. நீரைக் கிழித்து மேலெழுந்து பம்பரம்போற் சுழன்று விழும். ஒரே தாவலில் ஏழு முறை வரையுஞ் சுழலக்கூடியவை என்பர். ஏன் சுழல்கின்றன என்பதற்கு ஆய்வாளர் பல விளக்கங்கள் தருகின்றனர்; உடலில் ஒட்டிய மீனை உதறுதல் அவற்றுள் ஒன்று, தம் இனத்துக்கு ஒலியாற் செய்தி விடுத்தல் மற்றொன்று.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வினம் இரவிலே, ஆழத்திலிருந்து மேலெழும் சிறுமீனையும் கணவாயையும் வேட்டையாடிப் பகலில் இளைப்பாறுவது. நாம் காணச் செல்வது பெரும்பாலும் அவற்றின் ஓய்வு வேளையில். அன்று எங்களைத் தவிர ஆறு படகுகள் வந்திருந்தன. அவற்றுள் நான்கு, கூட்டத்தின் முன்னே பாய்ந்து வழிமறித்தன, பயணிகள் கைதட்டினர். கூட்டம் இரண்டாகப் பிளந்து ஆழத்துள் மறைந்தது. தூரம் பேணவேண்டுமென விதிகள் இருந்தும், கடல்நடுவே அவற்றைப் படிப்பார் யார்? ஆயினும் படகோட்டிகளை மட்டும் பழிப்பது நியாயமன்று. அருகே போகாவிட்டாற் பயணி முகஞ் சுளிக்கிறார். மறுநாள் வேறு படகு தேடுகிறார்.

இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகச் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு அறிவித்தது 1979இல். அதன்பின் 1980களின் முற்பகுதியில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பல் இக்கடலிலே ஆய்வு நடத்திற்று. பின்னர்ப் போர் வந்தது. 2009 வரை இக்கடல் காவற்படகுகளின் கடலாயிற்று. எங்கள் படகோட்டி அக்காலத்திற் கரையோரத்துக்கு அப்பால் வலைவீச இயலாதிருந்தவர். அவர் மற்றப் படகுகளைப் பின்தொடரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "சத்தம் போடாம இருங்கோ, வந்தா வரட்டும்" என்றார். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு தாயுங் கன்றுமாக இரண்டு மட்டும் படகின் அணியத்தருகே மூச்சுவிட்டு எழுந்து, கிழக்கு நோக்கிச் சென்றன.